கல் உப்பும் குளோரோபார்மும்

எனக்குப் பயம் அதிகம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள் நான். வேதியியல் படித்ததால் வந்த வியாதி என்பான் அண்ணன். அப்படி இல்லை. பயம் பிறவியிலேயே இருந்தது. வேதியியல் அதற்குக் காரணம் எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் சும்மா பயப்படுவார்கள், நான் சமன்பாடு எழுதிப் பயப்படுவேன்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, நான் எல்லாரும் ஒரே வீடுதான். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கல்லூரியில் கரிம வேதியியல் எடுக்கிறேன். பாடத்திட்டத்தில் ‘கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் அமிலத்தன்மை’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரி வந்ததும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். எனக்கோ இருக்கிற தூக்கமும் போய்விடும்.

அமிலம் என்றால் பிள்ளைகளுக்கு பேட்டரி ஆசிட்தான் ஞாபகம் வரும். ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிற எதுவும் அமிலம்தான் என்று சொன்னால் முழிப்பார்கள். பெட்ரோல், மெழுகு, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றிலும் கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்துக்கொண்டு கிடக்கின்றன.

“அப்ப பெட்ரோலும் ஆசிட்டா மேடம்?” என்று ஒருத்தன் வருஷா வருஷம் கேட்பான்.

“தலைகீழா நின்னாலும் அதுலேர்ந்து ஹைட்ரஜன் வராதுப்பா, உக்காரு” என்பேன்.

ஆனால் எல்லாக் கார்பனும் அப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிடி தளரும். அசிட்டோனில் பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்து எலக்ட்ரானை இழுக்கிறது. குளோரோபார்மில் ஒரே ஒரு ஹைட்ரஜன், அதே கார்பனில் மூன்று குளோரின். மூன்றும் சேர்ந்து எலக்ட்ரானைத் தங்கள் பக்கம் இழுத்தால் அந்த ஒற்றை ஹைட்ரஜன் என்ன செய்யும்? வலுவான காரம் ஒன்று வந்து நின்றால் கழன்று கொடுத்துவிடும். இதை அளக்க பி.கே.ஏ. என்று ஓர் எண் இருக்கிறது. எண் குறையக் குறைய ஹைட்ரஜன் சுலபமாகக் கழலும். ஒன்று குறைந்தால் பத்து மடங்கு. மீத்தேனுக்கு ஐம்பதை ஒட்டி, அசிட்டோனுக்கு இருபதை ஒட்டி. குளோரோபார்முக்கு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும். படித்தவர்களுக்கே பிடிபடாத ஒன்றை கல்லூரி மாடியில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருக்கிறோமே என்று எனக்குப் பயம்.

அந்த மாடி லேபில்தான் என் அண்ணி உதவியாளராக வேலை பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரியவள். வெள்ளை வெளேர் என்று வெயிலைத் திருப்பி அடிக்கிற பாத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. பாதத்துப் புண் ஆறவே இல்லை. டாக்டர் உப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொன்ன பிறகு லேபுக்கு வந்தாள். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவது, பாட்டில்களைத் துடைத்து அடுக்குவது, பிள்ளைகள் கொட்டுவதைத் துடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

என்னைக் கேலி செய்யாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்து பாடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். காரம் காரம் என்று நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது.

“இன்னாம்மா காரம் காரம்னு அலப்பற பண்ற? மொளகாத் தூளா?”

“அய்யோ அண்ணி, இது வேற. தொட்டா வழவழன்னு இருக்கும், தோலத் தின்னுடும்.”

“உறைக்காதுல்ல? அப்புறம் என்னா காரம்?” என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள். நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நடந்தது சித்திரை மாசம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வகுப்பு. லேபுக்கு அடுத்த அறை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறதே தவிரக் காற்று இல்லை, ஜன்னல் வழியாக வந்ததெல்லாம் கடல் பக்கத்துப் பிசுபிசுப்புதான். அன்றைக்குப் பாடமும் இதேதான். போர்டில் ஒரு பக்கம் குளோரோபார்ம், இன்னொரு பக்கம் அசிட்டோன் எழுதியிருந்தேன்.

“இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆவாது. ரெண்டும் அப்பிராணி. நடுவுல காரம் வரணும். குளோரோபார்ம்ல இருக்கற ஹைட்ரஜனக் காரம் உருவிடும். மிச்சம் இருக்கற கார்பன் சும்மா இருக்குமா? நேராப் போயி அசிட்டோனப் புடிக்கும். புடிக்கறப்ப சூடு வரும். சூடு வந்தா இன்னும் வேகமாப் புடிக்கும்.”

“அப்புறம் மேடம்?”

“அப்புறம் நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்” என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் அண்ணி நின்றாள். ரெண்டரை லிட்டர் பிடிக்கிற பழுப்புக் கண்ணாடி பாட்டிலைக் குடத்தை வைப்பதுபோல இடுப்பில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் செய்முறை முடிந்ததும் மிச்சம் மீதியைக் கொட்டுகிற கழிவு பாட்டில் அது. அதில் அசிட்டோனும் குளோரோபார்மும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

“ஏம்மா டீச்சரம்மா, இத்தக் கொஞ்சம் பாரேன். சூடு புடிச்சிக்கினே இருக்குது.”

“எதுக்கு அத எடுத்தீங்க அண்ணி?”

“சார்தான் சொன்னாரு. இதுல தண்ணி கலந்து போச்சாம். உப்பு போட்டுக் குலுக்கி வைங்க, தண்ணி தனியாப் பிரிஞ்சிடும்னாரு. போட்டேன், குலுக்கினேன். நாத்தம் வெளிய வரக் கூடாதுன்னு மூடிய நல்லா இறுக்கிட்டேன். உப்பு கரைஞ்சா இம்மாஞ் சூடு வருமா?”

சார் என்றால் எங்கள் துறைத்தலைவர். எதையும் வீணாக்க மனசு வராத மனுஷன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தண்ணீரைப் பிரிக்க உப்புப் போடுவது எல்லா லேபிலும் நடக்கிறதுதான். சாதா உப்புக்குக் குளோரோபார்மைச் சீண்டுகிற தெம்பு கிடையாது.

அதனால்தான் நான் சாதாரணமாகவே கேட்டேன். “எந்த உப்பு போட்டீங்க?”

“கல்லு உப்புதான்.”

எங்கள் லேபில் கல் உப்பு கிடையாது.

சோடியம் குளோரைடு வாங்குவது தூளாக. மைதா மாவு மாதிரி இருக்கும். அந்த அலமாரியில் வெள்ளையாக, கட்டி கட்டியாக இருக்கிற பொருள் ஒன்றே ஒன்று. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரங்களில் பெரிய முரடு.

முதுகுக்குப் பின்னால் போர்டில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது அத்தனையும் அண்ணி இடுப்பில் இருந்தது. இறுக்கி மூடின கண்ணாடி. உள்ளே கொதிக்கப் போகிறது. வெடித்தால் முதலில் அவள் முகம், அவள் வயிறு. ஏற்கெனவே நீர் வடிகிற அந்தக் கண்.

கத்தக் கூடாது. கத்தினால் போட்டுவிடுவாள். அவள் நிற்பதோ வாசலில். பின்பக்கக் கதவை உடைந்த பெஞ்சுகளை அடுக்கி அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயே கீழே வைக்கச் சொன்னால் வகுப்பு மொத்தமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வைக்காதே என்று சொன்னால் அது அவள் இடுப்பிலேயே இருக்கும். முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி இன்னும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடப்பாவி, ஊரார் பிள்ளைகளுக்காக என் அண்ணியை இன்னும் கொஞ்ச தூரம் அதைச் சுமக்கச் சொல்லப் போகிறேனே என்று இருந்தது.

“அண்ணி, அப்படியே திரும்புங்க. மெதுவா. வராண்டா கடைசிக்குப் போலாம்.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல. பேசாம நடங்க. குலுங்காம நடங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒண்ணும் இல்லை என்று சொன்ன முகம் எப்படி இருந்ததோ, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். நான் பிள்ளைகளிடம், “எல்லாரும் வெளிய வாங்க, படிக்கட்டுப் பக்கம் போங்க, கீழ இறங்குங்க. பேக் வேணாம், விடு” என்றேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. படிக்கட்டு வராண்டாவின் ஒரு கோடியில். நாங்கள் இரண்டு பேரும் நடந்தது எதிர்க்கோடிக்கு.

நான் கூட நடந்தது தைரியத்தில் இல்லை. அவளைத் தனியாக அனுப்பிவிட்டு அப்புறம் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்கிற பயம்தான் என்னை நடக்க வைத்தது. பாட்டிலை நான் வாங்கிக்கொள்ளலாமா என்று கையை நீட்டினேன். என் விரல்கள் தந்தி அடித்தன. அதைப் பார்த்துவிட்டு அண்ணி, “வுடு, நான் புடிச்சிக்கிறேன், நீ போட்டுடுவ” என்றாள். உப்புக் கூடையைத் தலையில் வைத்து ஒரு சாண் வரப்பில் நடந்தவள். அவள் நடையில் ஒரு பிசகு இல்லை. ஆனால் நெற்றியில் வேர்வை அரும்பி, லேபில் போட்டுக்கொண்ட மாஸ்க் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

“சூடு ஏறுதும்மா. கை தாங்கல.”

“இதோ வந்துடுச்சி அண்ணி. அந்த மணல் வாளிகிட்ட வைங்க.”

வராண்டா கோடியில் தீயணைக்க வைத்திருக்கிற மணல் வாளி இருந்தது. அதன் ஓரமாக உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையை இறக்கி வைப்பதுபோல வைத்தாள். வைத்தவள் எழுந்துகொள்ளாமல் மூடியில் கை வைத்தாள்.

“கொஞ்சம் தொறந்து வுட்டா ஆறிடாதா?”

“தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன். அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. திறந்தால் உள்ளே கொதிப்பது நேராக அவள் முகத்தில் பீறிடும். மூடி ஓரத்தில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஓடினோம். புடவை தடுக்கி அவள் ஒரு இடத்தில் தடுமாறினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பிடித்த கையை விடவும் இல்லை.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது மேலே ‘படார்’ என்றது. கண்ணாடி சிதறி விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. அப்புறம் அந்தத் தித்திப்பான குளோரோபார்ம் வாசனை இறங்கி வந்தது. நல்லவேளை, மேலே நெருப்பு எதுவும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் கீழே வேப்பமரத்தடியில் நின்றார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூடத் தோன்றவில்லை.

சார் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப் போய்விட்டது. “சோடியம் குளோரைடு ஜாடி முன்னாடியேதானேம்மா இருந்துச்சு?” என்று அண்ணியிடம் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, பாவம், புரியாமல்தான் கேட்டார்.

“அத்தப் பாத்தேன் சார். மாவு கணக்கா இருந்துச்சு. உப்பு எங்கயாவது மாவா இருக்குமா? யாரோ மைதாவ வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். பக்கத்து ஜாடிலதான் கல்லு கல்லா இருந்துச்சு. பேரு ஒட்டின பேப்பரு அரிச்சுப் போயி இருந்துச்சு. தொறந்து வெச்சதும் காத்து பட்டுக் கசிஞ்சிச்சு சார். எங்க ஊரு உப்பு அப்படித்தானே கசியும்?”

புதுச்சேரி டவுனில் பாக்கெட் உப்பு வாங்குகிறவர் சார். உப்பு என்று அவர் சொன்னபோது அவர் மனதில் இருந்தது தூள். அண்ணி வாழ்க்கையில் தூளை உப்பு என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்குக் கல்லாக இருந்தால்தான் உப்பு, ஈரக்காற்றில் வேர்த்தால்தான் அசல் உப்பு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அப்படித்தான் வேர்க்கும். மரக்காணத்துப் பொம்பளை யாராக இருந்தாலும் அந்த ஜாடியைத்தான் எடுத்திருப்பாள். எங்கள் அம்மா இருந்திருந்தால் அம்மாவும் எடுத்திருப்பாள்.

அவள் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் சிவந்து, வழவழவென்று இருந்தது. குழாயைத் திறந்து அவள் கையை அதன் அடியில் பிடித்துக்கொண்டேன். “போதும்மா, தண்ணி வீணாப் போவுது” என்று அவள் சொல்லச் சொல்ல விடவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. உப்பளத்தில் வேலை செய்த யாரும் புது உப்பைக் கையில் எடுத்தால் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அது பழக்கம். யோசித்துச் செய்வதில்லை.

“அண்ணி... வாயில வெச்சுப் பாத்தீங்களா?”

“எத்த?”

“அந்தக் கல்ல.”

“வெக்கலாம்னுதான் எடுத்தேன். மூஞ்சில மாஸ்க் இருந்துச்சு. யாரு கழட்டறதுன்னு வுட்டுட்டேன்” என்றாள்.

நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் என்று என் மனசு தானாகவே கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு துண்டுத் துணி. அவளுடைய சோம்பல். இவ்வளவுதான் நடுவில் இருந்திருக்கிறது. குழாயடியில் நின்றபடியே அவளைக் கட்டிக்கொண்டேன். “ஏய், இன்னாடி இது, ஈரமா இருக்கேன்” என்று அவள் நெளிந்தாள். ஆனால் விலகிப் போகவில்லை.

டாக்டரிடம் காட்டி மருந்து தடவி, அவள் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழக்கமாகக் கீழ்புத்துப்பட்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் யாராவது ஒருத்தரைக் கேலி செய்து முடித்திருப்பாள். அண்ணனிடம் நான்தான் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவன் எழுந்து போய் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வேலைக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், பேசாம ஊட்ல கெட” என்று சத்தம் போட்டான். பயந்தால் அவனுக்குக் கோபம்தான் வரும்.

“கொஞ்சம் சும்மா இருக்கறியா? வயித்துக்கு வேணாமா?” என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்பங்கரைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவளைக் கண்ணை விட்டு விலக விட எனக்குத் தைரியம் இல்லை. கையில் கட்டோடு நெத்திலிக் குழம்பு கூட்டினாள். புளி கரைத்தது நான், அடுப்பைக் கவனித்தது அவள். குழம்பு கொதி வந்தது. உப்பு ஜாடியை இழுத்து மூடியைத் திறந்தாள்.

அப்படியே நின்றாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் விளைந்த உப்பு அது. போன வாரம் அவளே போய்க் கொண்டுவந்து கொட்டினது. ஒரு கல்லை எடுத்தாள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது.

“இது உப்புதானே?” என்று என்னைக் கேட்டாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“உப்புதான் அண்ணி.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. நீ படிச்சவ.”

அவள் விரலிலிருந்து அந்தக் கல்லை வாங்கினேன். உப்புதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நாக்கில் வைத்த பிறகு, அந்த ருசி வருகிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை. கரித்தது.

“உப்புதான்” என்றேன்.

“அப்ப நீயே போட்டுடு” என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு அடுப்பை விட்டுத் தள்ளி நின்றாள்.